டின் கழுத்தில் ஒரு கோடு

லியோன், ரயில் நிலைய உணவகம்
9 அக்டோபர் 1966

அன்புத் தங்கை ரோசெனுக்கு,

நான் நலம். நீயும் அம்மாவும் நலமா? இந்த மழையில் அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது?

அடுத்த ரயிலுக்கு நேரம் இருக்கிறது. காபியை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். நான் மனம்விட்டு எழுதும் கடைசிக் கடிதம் இதுதான். மலைமேல், கம்பெனி புதுக் கார்களை ஓட்டிச் சோதிக்கும் செர்வியேர் முகாமுக்குப் போய்விட்டால், வரும் கடிதம், போகும் கடிதம் இரண்டையும் எங்கள் தலைவர் முசியே ஷப்ரியே பிரித்துப் படிப்பார். புது வண்டியைப் பற்றி எதுவும் வெளியே போகக் கூடாதாம். பத்திரிகைக்காரர்கள் கேமராவோடு திரிகிறார்களாம்.

போன ஞாயிற்றுக்கிழமை நான் சொன்னதைக் கேட்டு உன் முகம் வெளுத்துவிட்டது. அதனால் ஒழுங்காக எழுதிவிடுகிறேன். புது வண்டிக்கு ஸ்பிரிங் கிடையாது. சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு இரும்புக் கோளங்கள், அவற்றுக்குள் வாயு. எண்ணெயின் அழுத்தம்தான் வண்டியைத் தூக்கி நிறுத்துகிறது. பிரேக், ஸ்டியரிங், கியர் எல்லாமே அதே அழுத்தத்தில்தான் வேலை செய்கின்றன. பழைய வண்டிக்குச் சிவப்பு எண்ணெய், புதியதற்குப் பச்சை. மாற்றி ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் வளையங்கள் என்ன ஆகும் என்று, அந்த வளையங்களைச் சோதித்து அனுப்புகிற உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முகாமில் இரண்டு எண்ணெயும் இருக்கும். ரகசியத்துக்காக டின்னில் பெயர் எழுத மாட்டார்கள். கழுத்தில் ஒரு பெயிண்ட் கோடு மட்டும்தான். ஊற்றுவது என் வேலை.

எனக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுதான் என்பது உன்னையும் என்னையும் தவிர யாருக்கும் தெரியாது. சின்ன வயதில் நான் காய் ஸ்ட்ராபெர்ரியாகப் பறித்துக்கொண்டு வந்தபோது குறும்பு என்று நினைத்துத்தான் அம்மா அடித்தாள். கம்பெனி டாக்டர் நிறப் பார்வையைச் சோதிக்கும் புள்ளிப் புத்தகத்தைக் காட்டி எண்களைக் கேட்டபோது, எனக்கு முன்னால் நின்றவன் சொன்ன எண்களை அப்படியே ஒப்பித்துவிட்டேன்.

ஆனால் பயப்படாதே. சிவப்பு எண்ணெய் எரிந்த சர்க்கரை போல மணக்கும். பச்சைக்குத் தையல் மெஷின் எண்ணெய் வாசனை. கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்லிவிடுவேன். ஷப்ரியேயிடம் சொல்லிவிடு என்கிறாய். சொன்னால் மறுநாளே கதவுக்குக் கைப்பிடி மாட்டுகிற வரிசையில் நிறுத்திவிடுவார்கள். எனக்கு ஓட்டுவதைத் தவிர வேறொன்றும் தெரியாது.

அம்மாவுக்கு முத்தங்கள்.

உன் அண்ணன்
ஆர்மெல்

*

ரென்
18 அக்டோபர்

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் நலம். அம்மாவின் முழங்கால் மழையை முன்கூட்டியே சொல்லிவிடுகிறது, வானொலியைவிடச் சரியாக. நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

உனக்கு முன்னால் இதைப் படிக்கிற முசியே ஷப்ரியேவுக்கும் வணக்கம். அம்மா உங்களிடம் ஒன்று கேட்கச் சொன்னாள்: அங்கே என் பிள்ளைக்கு உப்பு போட்ட வெண்ணெய் கிடைக்கிறதா, இல்லை அந்த மலைக்காரர்களின் உப்பில்லாத வெண்ணெயா?

வேலையைப் பற்றி எழுதக் கூடாது, எழுதவில்லை. தோட்டத்தைப் பற்றி எழுதுகிறேன். அம்மா ஸ்ட்ராபெர்ரிப் பாத்தியைக் கொத்திவிட்டாள். உன் நினைவு வந்தது. பறிப்பதற்கு முன்னால் ஒவ்வொன்றையும் மோந்து பார்க்கிறாய்தானே? அவசரத்திலும் மோந்து பார்க்க வேண்டும், அண்ணா. எனக்கு அது ஒன்றை மட்டும் எழுது.

உன் தங்கை
ரோசென்

*

செர்வியேர்
30 அக்டோபர்

அன்புள்ள ரோசென்,

நலம், நலமறிய ஆவல். வெண்ணெயில் உப்பில்லை. அம்மாவிடம் சொல்லாதே, புறப்பட்டு வந்துவிடுவாள்.

வண்டியின் வெளித்தோலைப் பற்றி எழுத அனுமதி உண்டு. பத்திரிகையில் ஏற்கெனவே வந்துவிட்டதாம். கூரை கண்ணாடி இழையில் வார்த்தது, ஒரே ஆள் தூக்கிவிடலாம். முன்மூடி அலுமினியம். கதவின் தோலும் கண்ணாடி இழைதான். இவை எதுவும் பாரம் சுமப்பதில்லை. பாரமெல்லாம் உள்ளே இருக்கும் எஃகுக் கூட்டுக்கு. தோலைக் கழற்றிவிட்டு எலும்புக்கூட்டை மட்டும் ஓட்டிக்கொண்டு போகலாம். ஒருநாள் போனோம், ஆட்டு மந்தை மிரண்டது.

என்னோடு ஓட்டுகிற ஃபிர்மான் இந்த மலைக்காரன். முன்மூடியின் மேல் வைன் நிறைந்த கிளாஸை வைத்துவிட்டு, "மாட்டுவண்டித் தடத்துல ஓட்டு, சிந்தினா நீ துடை, சிந்தலைன்னா நான் குடிக்கிறேன்" என்றான். மெல்ல ஓட்டிப் போனேன். சிந்தவில்லை. குடித்துவிட்டு, "ஏண்டா, இது வண்டியா தொட்டிலா? பிரெத்தோன் கடற்கரைக்காரன் கப்பல்லயே தூங்குற சாதியாச்சே, நீ ஓட்டறப்ப எனக்குத் தூக்கம் வருது" என்றான்.

ஸ்ட்ராபெர்ரி கேட்டாய். மோந்து பார்க்காமல் ஒன்றைக்கூடப் பறிப்பதில்லை. போதுமா?

அம்மாவுக்கு முத்தங்கள்.

ஆர்மெல்

*

ரென்
14 நவம்பர்

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே இருவரும் நலம். இத்துடன் நான் பின்னிய கையுறை ஒரு ஜோடி வருகிறது. மலையில் பனி தொடங்கியிருக்கும்.

சமையலறைச் செய்தி ஒன்று. யாரோ கவனக்குறைவாகப் பீன்ஸ் விதையைத் தவறான பாத்திரத்தில் ஊறப்போட்டுவிட்டார்கள். ஒரு வாரம் கழித்துத்தான் பார்த்தோம். ஊதி, கொழகொழத்து, விரலால் தொட்டதும் தோல் கையோடு வந்தது. முதல் இரண்டு மூன்று நாள் பார்த்தால் ஒன்றுமே தெரியாது, அண்ணா. வெளியே நன்றாகத்தான் இருக்கும். அன்றிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

அங்கே சமையல் உன் பொறுப்பு என்றாயே. சில நாளைக்கு அந்த ஃபிர்மான் செய்யட்டுமே. கை வலிக்கிறது என்று சொல்லிவிடு.

ரோசென்

*

செர்வியேர்
24 நவம்பர்

ரோசென்,

கையுறை வந்தது. அளவு சரி. போட்ட அன்றைக்கே எண்ணெய்க் கறையும் ஆகிவிட்டது, மன்னித்துக்கொள்.

உன் சமையல் யோசனை எனக்குப் பிடிக்கவில்லை. என் வேலையை இன்னொருவன் தலையில் கட்டிவிட்டு நான் கை வலி என்று உட்கார மாட்டேன். நீ அங்கே உன் பாத்திரத்தைப் பார். பழைய வண்டியும் போன வாரம் கிரெனோபிளுக்குப் போய்விட்டது. இப்போது என் பொறுப்பில் புதியது ஒன்றுதான். குழப்பத்துக்கே இடமில்லை.

பனி முழங்கால் வரை கிடக்கிறது. புது வண்டிக்கும் குளிர் பிடிக்கவில்லை போல. காலையில் எழுந்து நிற்கச் சோம்பல் படுகிறது. முன்பு ஸ்டார்ட் செய்ததும் எழும். இப்போது ஒரு சிகரெட் பிடித்து முடிக்கிற நேரம் ஆகிறது.

மற்றபடி நலம். முகாம் முழுக்க ஜலதோஷம், நானும் தப்பவில்லை. பத்து நாளாக மூக்கு அடைத்துக் கிடக்கிறது. ஃபிர்மான் நேற்று தன் ஈரக் காலுறையை என் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டான். காலை வரை எனக்குத் தெரியவே இல்லை. எல்லோரும் என்னைச் சுற்றி நின்று, "தூங்குது பாரு, குழந்தை மாதிரி!" என்று சிரித்தார்கள். வெங்காய சூப்பும் ஒன்றுதான், பாத்திரம் கழுவின தண்ணீரும் ஒன்றுதான் எனக்கு. அம்மாவிடம் சொல்லாதே.

ஆர்மெல்

*

தந்தி
ரென், 28 நவம்பர்

ஆர்மெல் கெர்வெல்லா, செர்வியேர் முகாம்.
அம்மா கவலைக்கிடம். உடனே ரயிலில் வா. ரோசென்.

*

செர்வியேர்
28 நவம்பர்

மதிப்பிற்குரிய மத்மோசெல் கெர்வெல்லா,

உங்களை நான் பார்த்ததில்லை. கடிதங்கள் வழியாகச் சிறிது அறிவேன். அதற்காக என்னை மன்னிக்க வேண்டும். உங்கள் தந்தி இன்று பகல் என் மேஜைக்கு வந்தது. நானே கொண்டுபோய் உங்கள் அண்ணனிடம் கொடுத்தேன்.

பனியால் பேருந்து நின்றுவிட்டது. நாளை வரை காத்திருக்கிறேன் என்றார் அவர். நான் சம்மதிக்கவில்லை. என் தாயின் கடைசி நேரத்துக்கு நான் போய்ச் சேரவில்லை, மத்மோசெல். அது எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். எனவே எங்களிடம் உள்ள சிறந்த வண்டியிலேயே அவரைப் பிரியான்சோன் ஸ்டேஷனுக்கு இறங்கிப் போகச் சொன்னேன். வண்டியை அங்கேயே விட்டுவிடட்டும், நாளை ஃபிர்மான் போய் எடுத்துவருவான். "வேகமாப் போங்க, எல்லாத்துக்கும் நான் பொறுப்பு" என்று சொல்லி அனுப்பினேன்.

புறப்படுவதற்கு முன் அவர் சிறிது நேரம் முன்மூடியின் மேல் கையை வைத்தபடி நின்றார். தாயை நினைத்துக்கொள்கிறார் என்று எண்ணி நான் அருகில் போகவில்லை.

இந்தக் கடிதம் வருவதற்கு முன்பே அவர் உங்கள் அருகில் இருப்பார். உங்கள் தாயார் நலம்பெற வேண்டுகிறேன்.

தங்கள் உண்மையுள்ள
எத்தியென் ஷப்ரியே

*

ரென்
1 டிசம்பர்

அண்ணா,

நலமா என்று கேட்கப் பயமாக இருக்கிறது. இதை எந்த முகவரிக்கு அனுப்புவது என்றும் தெரியவில்லை. முகாமுக்கே அனுப்புகிறேன். யார் பிரித்துப் படித்தாலும் படிக்கட்டும்.

ஷப்ரியேயின் கடிதம் நேற்று வந்தது. நின்றுகொண்டே படித்தேன். பாரிஸிலிருந்து வருகிற ஒவ்வொரு ரயிலுக்கும் போனேன். கடைசிப் பெட்டி வரை நடந்து பார்த்தேன். தபால் நிலையத்தில் முகாமின் தொலைபேசி எண் கேட்டேன். பட்டியலில் இல்லை என்றார்கள். கம்பெனி அலுவலகத்தில் கேட்டால், அப்படி ஒரு முகாமே இல்லை என்றார்கள்.

அம்மாவுக்கு ஒன்றுமில்லை. அம்மா நலம். இப்போதுகூட அடுப்படியில் அப்பம் சுட்டுக்கொண்டிருக்கிறாள். "ஸ்டேஷன்ல யாருடீ உனக்கு? காதலனா? ஒரு நாளாவது கூட்டிட்டு வா, நான் கடிச்சா தின்னுடுவேன்?" என்கிறாள்.

உன் மூக்கு அடைத்துக்கிடக்கிறது என்று படித்ததும் தபால் நிலையத்துக்கு ஓடினேன். நீ அந்த வண்டியிலிருந்து இறங்கினால் போதும் என்று மட்டும் நினைத்தேன். ரயிலில் என்று எழுதினேனே, அண்ணா! தந்தியில் அந்த ஒரு சொல்லை வேண்டுமென்றேதான் சேர்த்தேன். முகாம் தலைவருக்கு, என் அண்ணனுக்கு நிறம் தெரியாது என்று ஒரு வரி அடித்திருக்கலாம். உன் வேலை போய்விடும் என்று அடிக்கவில்லை.

ஒரு சொல் எழுது. பென்சிலால் ஒரு கோடு போட்டு அனுப்பினாலும் போதும்.

ரோசென்

*

பிரியான்சோன் மருத்துவமனை
3 டிசம்பர்

ரோசென்,

கோணல் எழுத்தைப் பார்த்துப் பயப்படாதே. உடைந்தது வலது கையும் இரண்டு விலா எலும்பும்தான். எழுதுவது இடது கை.

அம்மா இருக்கிறாளா? அடக்கம் முடிந்துவிட்டதா? எதுவானாலும் மறைக்காமல் எழுது. என்னால் வர முடியவில்லை. விபத்தைப் பற்றி நம் வீட்டுக்குத் தந்தி கொடுத்தீர்களா என்று ஷப்ரியேயிடம் கேட்டேன். "சாகக் கிடக்கிறவங்க வீட்டுக்கு இதையும் எப்படிங்க அனுப்புவேன்? எனக்கு மனசு வரலை" என்றார். அதனால்தான் உனக்கு ஒன்றும் தெரிந்திருக்காது.

புறப்படும்போதே வண்டி முழுசாக எழவில்லை. கையை வைத்துப் பார்த்தேன். உள்ளே பம்ப் மூச்சு விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. அம்மா அங்கே இருக்கும்போது பம்பைப் பற்றி யார் நினைப்பார்கள்? இறக்கத்தில் மூன்றாவது வளைவில் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. பிரேக்கை மிதித்தேன், காற்றை மிதித்தது போல இருந்தது. கியர் மூன்றிலேயே நின்றுவிட்டது. கை பிரேக்கை இழுத்தேன், புகைந்தது, அவ்வளவுதான். ஸ்டியரிங் கல்லாகிவிட்டது. இடப்பக்கம் பள்ளம்.

அழுத்தம் இல்லாவிட்டால் வண்டியை உயர்த்த முடியாது. ஆனால் தாழ்த்த முடியும். உயரத்தை மாற்றும் லீவரை அடிவரைக்கும் தள்ளினேன். மாடு படுப்பது போல வண்டி படுத்துக்கொண்டது. இரண்டு கையாலும் ஸ்டியரிங்கில் தொங்கி வலப்பக்கம் திருப்பி, பனியை ஒதுக்கிக் குவித்திருந்த மேட்டின் மேல் அதன் வயிற்றைப் போட்டேன். உரசிக்கொண்டே போய்ப் பாறைச் சுவரில் முட்டி நின்றது. கூரை முட்டை ஓடு மாதிரி உடைந்து பனியில் சிதறியது. கதவுத் தோலும் போயிற்று. எஃகுக் கூடு அசையவில்லை. அதற்குள்தான் இருந்தேன். ஃபிர்மான் வந்து தூக்கினான். என்னைப் பார்த்துச் சிரிக்காமல் அவன் நின்றது அன்று ஒருநாள்தான்.

ஷப்ரியே பம்பைப் பிரித்துப் பார்த்திருக்கிறார். ரப்பர் வளையங்கள் ஊதிப்போயிருக்கின்றனவாம். ரென்னிலிருந்து வந்த சரக்கே மோசம் என்று நினைக்கிறார். சோதித்து அனுப்பியவர்களை விசாரிக்கச் சொல்லித் தந்தி கொடுத்திருக்கிறார். என் கண்ணைப் பற்றி அவரிடம் இன்னும் சொல்லவில்லை. எந்த எண்ணெயை ஊற்றினேன் என்று எனக்கே உறுதியாகத் தெரியவில்லை.

அம்மாவைப் பற்றி எழுது.

ஆர்மெல்

*

ரென்
6 டிசம்பர்

அன்புள்ள அண்ணனுக்கு,

அம்மா உயிரோடு, நலமாக இருக்கிறாள். காய்ச்சல்கூட வரவில்லை. தந்தி நான் சொன்ன பொய். முகாமுக்கு எழுதிய கடிதம் உன் கைக்கு வந்திருந்தால் ஏற்கெனவே தெரிந்திருக்கும். உன்னை வண்டியிலிருந்து இறக்கத்தான் அந்தப் பொய்யைச் சொன்னேன். அதுவே உன்னை வண்டியில் ஏற்றிவிட்டது. மன்னிக்கச் சொல்லிக் கேட்க மாட்டேன், கேட்கவும் தோன்றவில்லை. உன் கோணல் எழுத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

நேற்று கோட்டு போட்ட இரண்டு பேர் வந்து, வளையங்களைச் சோதிக்கும் எங்கள் மேஜையைப் பூட்டிவிட்டார்கள். ஆறு பெண்கள், எல்லோரையும் தனித்தனியாகக் கேட்டார்கள். கடைசி நாற்காலி மாத்திலின், "நான் பார்க்காம ஒரு வளையம் இந்த மேஜையைத் தாண்டினதில்லை, வேணும்னா என்னைத் தூக்கி அந்த எண்ணெயில போட்டுப் பாருங்க, நானும் ஊதறேனான்னு" என்று சொல்லிவிட்டு அழுதாள். அவளுக்கு அடுத்த நாற்காலியில் நான். ஒரு வார்த்தை நான் சொன்னால் அந்த மேஜை திறந்துவிடும். அது உன்னுடைய வார்த்தை, அண்ணா. அதனால் இன்னும் வாயைத் திறக்கவில்லை. எத்தனை நாளைக்கு என்று தெரியவில்லை.

அம்மாவிடம் வழுக்கி விழுந்தாய் என்று சொல்லியிருக்கிறேன். அவளுக்கும் பொய்தான்.

ரோசென்

*

பிரியான்சோன் மருத்துவமனை
10 டிசம்பர்

அன்புத் தங்கைக்கு,

அம்மா நலம் என்ற வரியை நர்ஸிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன், நான் சரியாகத்தான் படித்தேனா என்று பார்க்க. பிறகு உன்மேல் கோபம் வந்தது. அது ஒரு பகல் முழுக்க இருந்தது. இப்போது இல்லை.

என் மூக்கு திறந்துவிட்டது. முதலில் பினாயில் வாசனை வந்தது, பிறகு மதியச் சாப்பாட்டின் வெங்காய வாசனை. நேற்றுக் காலை நர்ஸ் அலமாரியைத் திறந்து என் துணிகளை எடுத்து வைத்தாள். உன் கையுறை மேலே இருந்தது. அது என் கைக்கு வந்த நாளிலிருந்து புது வண்டிக்கு எண்ணெய் ஊற்ற மட்டும்தான் போட்டேன். பழைய வண்டி அதற்கு முன்பே போய்விட்டது. எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டேன்.

எரிந்த சர்க்கரை, ரோசென்.

தையல் மெஷின் எண்ணெய் கொஞ்சம்கூட இல்லை. கடைசியாக ஊற்றியது மட்டுமல்ல, எல்லா நாளும் ஊற்றியது பழைய வண்டி விட்டுப்போன சிவப்பு எண்ணெய்தான். இறக்கத்தில்கூட நான் இப்படிப் பயப்படவில்லை. அடுத்த வாரம் அதே வண்டியில் ஃபிர்மானும் ஷப்ரியேயும் இத்தாலி எல்லை வரை போவதாக இருந்தது.

ஷப்ரியேயைக் கூப்பிட்டு அனுப்பினேன். தொப்பியைக் கழற்றாமல் வந்து உட்கார்ந்தார். எல்லாவற்றையும் சொன்னேன், டாக்டரின் புள்ளிப் புத்தகத்திலிருந்து. நீ முகாமுக்கு எழுதிய கடிதத்தை இங்கே அனுப்ப எடுத்து வைத்திருக்கிறாராம், ஆனால் பிரிக்கவில்லையாம். "துக்க வீட்டுக் கடிதம்னு நினைச்சேன்" என்றார். பிறகு கேட்டார்: "அப்ப, அந்த ஸ்ட்ராபெர்ரி?"

"இதுதாங்க" என்றேன்.

"மோந்து பார்த்துப் பறின்னு உங்க தங்கச்சி எழுதினாளே. பீன்ஸ் ஊறினதையும் எழுதினாளே. நான் ஒரு வரி விடாமப் படிச்சேன். சாப்பாட்டு ராமன் குடும்பம்னு சொல்லி என் மனைவிகிட்டச் சிரிச்சேன்." தொப்பியை அப்போதுதான் கழற்றினார். ரென்னுக்குத் தொலைபேசியில் அவரே பேசினார். இந்தக் கடிதத்துக்கு முன்பே உங்கள் மேஜை திறந்திருக்கும். மாத்திலினிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். இனி நான் ஓட்டப்போவதில்லை. கதவுக் கைப்பிடி வரிசையா, வீட்டுக்கா என்று இன்னும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

போகும்போது கையுறையைச் சாட்சிக்காக எடுத்துக்கொண்டார். காகிதத்தில் சுற்றும்போது, பழக்கத்தில், "அழகான நிறம். உங்க ஊர்க் கம்பளியா?" என்றார்.

"என்ன நிறம்னு எனக்குத் தெரியாதுங்க" என்றேன். வெளி ஆள் ஒருவரிடம் இதுவரை நான் அப்படிச் சொன்னதே இல்லை.

அவரும் சொல்லாமல் போய்விட்டார். அம்மாவுக்கு முத்தங்கள். அடுத்த கடிதத்தில் எழுது, என்ன நிறத்தில் பின்னினாய்?

உன் அண்ணன்
ஆர்மெல்